கல்லாற்று மண்ணும் ஒரு சின்னஞ்சிறு வளையமும்

செங்கோட்டையைத் தாண்டி ஆரியங்காவுக் கணவாய்க்குள் நுழைந்ததும் காற்றின் குணம் மாறிவிடும். தென்காசிப் பக்கத்து வெயில் பின்தங்கிப்போகும். தேக்கும் பலாவும் சாலையின் மேல் கவிந்துகொள்ளும். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழை இன்னும் தொடங்காத நாட்கள் அவை. தென்மலை, குளத்துப்புழை, மடத்தறை வழியாகப் பாலோடு வந்து, அங்கிருந்து கிழக்கே பெரிங்கம்மலைப் பாதையில் திரும்பி விதுராவை நோக்கிப் போனேன். போகுமிடம் கல்லாறு. பொன்முடி மலைச்சாலை 22 கொண்டை ஊசி வளைவுகளாக ஏறத் தொடங்கும் அடிவாரத்தில், உருண்டைப் பாறைகளுக்கு நடுவே ஆறு ஓடுகிறது. ஊருக்கும் அதே பெயர்தான்.

நான் தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவன். அகத்தியமலைத் தொடரின் கிழக்குச் சரிவு எங்களுக்குத் தாமிரபரணியைக் கொடுத்தது. மேற்குச் சரிவு மலையாள மண்ணுக்கு நெய்யாற்றையும் கரமனையாற்றையும் வாமனபுரம் ஆற்றையும் கொடுத்தது. செம்முஞ்சி மொட்டையில் பிறந்து 88 கிலோமீட்டர் ஓடி அஞ்சுதெங்குக் காயலில் சேரும் வாமனபுரம் ஆற்றின் மேற்பகுதிதான் கல்லாறு. மலையின் மறுபக்கத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருந்தது. திருவனந்தபுரத்து மண்ணில் கிடைத்த ஒரு நூற்புழுவைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைப் படித்த பிறகு அந்த ஆசையைத் தள்ளிப்போட முடியவில்லை. அந்தப் புழுவோடு சேர்ந்து வாழும் ஒரு பாக்டீரியா, 'வளைய டைபெப்டைடு' என்னும் மிகச் சிறிய மூலக்கூறுகளைச் செய்கிறது; அவை நோய்க்கிருமிகளைக் கொல்கின்றன என்று அந்தக் கட்டுரைகள் சொல்லின. அப்படிப்பட்ட மண் எப்படி இருக்கும் என்று கையில் எடுத்துப் பார்க்கவே கிளம்பினேன்.

பாலோட்டில் வண்டியை நிறுத்தாமல் போக மனம் வரவில்லை. 1979இல் தொடங்கப்பட்ட வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா இங்கேதான் இருக்கிறது. இன்று அது ஜவகர்லால் நேரு பெயரைத் தாங்கி நிற்கிறது. 1987இல் விஞ்ஞானி புஷ்பாங்கதனின் குழு அகத்தியமலைக்குள் நடந்தபோது, வழிகாட்டிகளாக வந்த, அந்த மலையின் பழங்குடியினரான காணிக்கார இளைஞர்கள் ஒரு செடியின் பழத்தைத் தின்றுகொண்டே களைப்பில்லாமல் ஏறினார்கள். அதுதான் ஆரோக்கியப் பச்சை. அந்தச் செடியிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து பிறந்தது. கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசி 10 லட்சம் ரூபாய் கொடுத்து அதைத் தயாரிக்கும் உரிமையைப் பெற்றது. உரிமத் தொகையிலும் விற்பனையில் கிடைக்கும் பங்கிலும் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவாகி, 1997இல் அவர்களுக்கென ஓர் அறக்கட்டளை உருவானது. மலையின் அறிவுக்கு மலைவாசிகளிடம் விலை கொடுத்த முன்மாதிரியாக உலகம் இன்றும் இதைப் பேசுகிறது. கல்லாற்றுக்கு மேலே மொட்டமூடு குடியில் வாழ்ந்து நாட்டு வைத்தியம் செய்த லட்சுமிக்குட்டி அம்மாளுக்கு 2018இல் பத்மஸ்ரீ கிடைத்ததையும் இதோடு சேர்த்து நினைத்துக்கொண்டேன். இந்த மலையில் மருந்து தேடுவது புதிய வேலை இல்லை. செடிகொடிகளில் நடந்த தேடல் இப்போது மண்ணுக்குள் இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

விதுரா தாண்டி, இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் கட்டிடங்கள் மருதமலைச் சரிவில் தெரிந்தன. ரப்பர் தோட்டங்கள் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் கல்லாறு வந்தது. பாலத்தருகே ஒரு கடையில் கட்டன் காப்பியும் கப்பையும் கேட்டேன். கப்பை என்னும் மரவள்ளிக் கிழங்கை இந்த நாட்டில் பரப்பியதில் 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாளுக்குப் பெரிய பங்கு உண்டு. "காந்தாரிச் சம்மந்தி போதுமா, மீன்கறி வேணுமா அண்ணா?" என்று கடைக்காரச் சேச்சி தமிழில் கேட்டார். சம்மந்தியே போதும் என்றேன்.

கட்டன் காப்பியின் முதல் மடக்கில் நாக்கில் படிகிற கசப்பில் நான் தேடிவந்த மூலக்கூறின் பங்கும் இருக்கிறது. காப்பிக்கொட்டையை வறுக்கும் சூட்டில் அதிலுள்ள புரதங்கள் உடைகின்றன. உடைந்த துண்டுகள் வளைந்து வளையங்களாகின்றன. வறுத்த காப்பியில் புரோலின் என்ற அமினோ அமிலத்தைக் கொண்ட வளைய டைபெப்டைடுகள் பல இருப்பதைக் கண்டுபிடித்து, கசப்பில் அவற்றுக்கும் பங்குண்டு என்று வேதியியலாளர்கள் காட்டியிருக்கிறார்கள். வறுத்த கோகோவின் கசப்பிலும் இவை உண்டு. பாலாடைக்கட்டியிலும் கோழிச்சாற்றிலும் உண்டு.

இந்த வளையம் எப்படி உண்டாகிறது என்பதைச் சொல்ல எங்கள் ஊர்த் தெருவிலேயே ஒரு விளையாட்டு இருக்கிறது. ஒவ்வோர் அமினோ அமிலத்தையும் ஒரு சிறுமியாக நினைத்துக்கொள்ளுங்கள்; அவளுக்கு இரண்டு கைகள்: ஒன்று அமினோ கை, மற்றது அமிலக் கை. ஒருத்தியின் ஒரு கையை அடுத்தவள் பிடிக்க, அவளுடைய மறு கையை இன்னொருத்தி பிடிக்க, நூற்றுக்கணக்கில் நீளும் வரிசைதான் புரதம். எவ்வளவு நீண்டாலும் இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு கை சும்மா இருக்கும். செரிமான நொதிகளில் பல அந்த முனைகளைப் பிடித்துத்தான் புரதத்தைக் கடிக்கின்றன. ஆனால் இரண்டே சிறுமிகள் இரு கைகளையும் கோத்துக்கொண்டு தட்டாமாலை சுற்றினால் பிடிக்க முனையே இல்லை. வளைய டைபெப்டைடு அந்தத் தட்டாமாலைதான். ஆறு அணுக்களால் ஆன ஒரு வளையம்; அதில் கைகள் கோத்த இரண்டு இடங்களும் பெப்டைடு பிணைப்புகள். வேதியியலில் இதற்கு டைகீட்டோபைப்பரசின் என்று பெயர். இவற்றில் மிகச் சிறியது இரண்டு கிளைசின்களால் ஆனது. அதன் மூலக்கூறு எடை வெறும் 114. முனை இல்லாததால் நொதிகள் இதை எளிதில் சிதைக்க முடிவதில்லை. வடிவம் விறைப்பாக நிலைத்திருப்பதால் இலக்கில் சரியாகப் பொருந்துகிறது. சிறிதாக இருப்பதால் உயிரணுவின் சவ்வைக் கடந்து உள்ளே போகிறது.

இந்த வளையத்துக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. 1901இல் பெர்லினில் எமில் பிஷ்ஷரும் பூர்னோவும் கிளைசின் வளையத்தை அமிலத்தில் கொதிக்கவைத்து ஒரு பிணைப்பை மட்டும் திறந்தார்கள். கிடைத்தது கிளைசில்கிளைசின் என்னும் டைபெப்டைடு. பெப்டைடு வேதியியலே ஒரு வளையத்தை அவிழ்த்துத்தான் தொடங்கியது. பிஷ்ஷரின் மாணவர் அப்டர்ஹால்டன் 1920களில் புரதங்களே இத்தகைய வளையங்களால் ஆனவை என்று வாதிட்டார். அந்தக் கொள்கை நிற்கவில்லை. அதன்பிறகு பல பத்தாண்டுகள் இந்த வளையத்தைப் புரதம் சிதையும்போது விழும் கழிவாகவே பலர் பார்த்தார்கள். பெப்டைடு மருந்துகளைத் தொகுப்பவர்களுக்கு இது தொல்லையும் கூட: சங்கிலியை நீட்டிக்கொண்டிருக்கும்போதே முதல் இரண்டு கண்ணிகள் வளையமாகக் கழன்று விழுந்துவிடும்.

ஆனாலும் இதே வளையம் பெரிய கதவுகளைத் திறந்தது. 1938இல் ராபர்ட் கோரி இதன் படிகத்தை எக்ஸ் கதிரால் ஆராய்ந்து அணுக்களின் இடைவெளிகளை அளந்தார். பெப்டைடு பிணைப்பு தட்டையானது என்ற உறுதி அத்தகைய அளவீடுகளிலிருந்து வந்தது. 1951இல் பாலிங்கும் கோரியும் பிரான்சனும் புரதச் சங்கிலி சுருளும் ஆல்ஃபா சுருள் வடிவத்தைக் கணித்தபோது அந்த உறுதியின் மேல்தான் நின்றார்கள். எர்ணாகுளத்தில் 1922இல் பிறந்த நம் ஜி.என். ராமச்சந்திரன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ராமகிருஷ்ணனோடும் சசிசேகரனோடும் சேர்ந்து 1963இல் வெளியிட்ட, புரதச் சங்கிலி எப்படியெல்லாம் மடங்க முடியும் என்று காட்டும் ராமச்சந்திரன் வரைபடமும் தட்டையான அந்தப் பெப்டைடு அலகையே அடித்தளமாகக் கொண்டது. புரதச் சங்கிலியில் பெப்டைடு பிணைப்பு பெரும்பாலும் 'டிரான்ஸ்' நிலையில், அதாவது சங்கிலி இரு பக்கமும் எதிரெதிராக நீளும்படி இருக்கும். வளையத்துக்குள் அது இரண்டும் ஒரே பக்கம் வரும் 'சிஸ்' நிலைக்கு வளைந்தாக வேண்டும். அமினோ அமிலங்களில் புரோலின்தான் சிஸ் நிலைக்கு எளிதில் இசைவது. இயற்கையில் கிடைக்கும் வளையங்களில் புரோலின் அடிக்கடி வருவதற்கு அதுவும் ஒரு காரணம்.

காப்பியை முடித்துவிட்டு மீன்முட்டி அருவிக்குப் போகும் காட்டுப்பாதையில் நுழைந்தேன். வனத்துறை அனுப்பிய வழிகாட்டி ஒரு காணிக்காரப் பெரியவர். ஆற்றில் இறங்க வேண்டாம் என்று எச்சரிக்கும் பலகைகள் வழியெங்கும் இருந்தன. மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளம் வந்துவிடும். தண்ணீர் கண்ணாடித் தெளிவு. அடியில் கிடக்கும் ஒவ்வொரு கல்லின் நிறமும் தெரிகிறது. ஈற்றல் புதர்களுக்கு நடுவே பாதை ஈரமாக நெளிந்தது. ஓரிடத்தில் குனிந்து இலைச்சருகை விலக்கி ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து முகர்ந்தேன்.

"அண்ணாச்சி, இந்த மணம் எதனால வருது?" என்று கேட்டேன்.

"மண்ணுக்கு உயிருண்டு சாரே. மழை விட்டா அது மூச்சு விடும்" என்றார்.

அவர் சொன்னது சரி. ஈர மண்ணின் மணத்துக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற பொருள். அதை உண்டாக்குவதில் முதன்மையானவை ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்னும் மண் பாக்டீரியாக்கள். உலகின் ஆன்டிபயாடிக்குகளில் பெரும்பகுதியை நமக்குக் கொடுத்தவையும் இவையே. அந்த இனத்தில் ஒன்றான ஸ்ட்ரெப்டோமைசிஸ் நவுர்சியை ஆராய்ந்தபோதுதான் வளைய டைபெப்டைடுகள் செய்யப்படும் புதுமையான வழி ஒன்று தெரியவந்தது. உயிரணுவில் புரதம் கட்டும் வேலை ரைபோசோமுக்கு உரியது. அதற்கு அமினோ அமிலங்களைச் சுமந்து வருபவை கடத்தி ஆர்.என்.ஏ.க்கள். இந்தப் பாக்டீரியாவின் ஒரு சிறிய நொதி அந்தச் சுமையை வழியிலேயே இடைமறித்து இரண்டு அமினோ அமிலங்களை எடுத்துக்கொள்கிறது. அவற்றை வளையமாகக் கோத்து விடுகிறது. 2002இல் அந்த மரபணுக்கள் அடையாளம் காணப்பட்டன. 2009இல் இந்த நொதிகள் தனிக் குடும்பம் என்று நிறுவப்பட்டது. வேலைமெனக்கெட்டு, தனி நொதி வைத்து ஓர் உயிர் செய்யும் பொருள் கழிவாக இருக்க முடியாது.

பிறகு எதற்கு? அதற்கு விடை தேடி நூற்புழுவிடம் போக வேண்டும். பூச்சியைக் கொல்லும் நூற்புழுக்கள் மண்ணில் வாழ்கின்றன. பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டாதவை. பூச்சிப் புழு விடும் கரியமில வாயுவை மோப்பம் பிடித்து இவை நகர்கின்றன. வாய் வழியாகவோ மூச்சுத் துளை வழியாகவோ உள்ளே நுழைகின்றன. நுழைந்ததும் தம்மோடு கொண்டுவந்த பாக்டீரியாவை அவிழ்த்து விடுகின்றன. இரண்டொரு நாளில் பூச்சிப் புழு இறந்துபோகிறது. அந்த உடலே நூற்புழுவுக்கு வீடு, உணவு, தொட்டில் எல்லாம். ஒன்றிரண்டு வாரங்களில் ஆயிரக்கணக்கான குஞ்சுகள் அதிலிருந்து வெளியேறுகின்றன.

இங்கேதான் நான் வியந்து நின்றேன். ஒரு கைப்பிடி மண்ணில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் பசியோடு இருக்கின்றன. செத்த புழு ஒன்று அவற்றுக்குப் பெருவிருந்து. ஆனாலும் நூற்புழு குடியிருக்கும் உடல் சட்டென்று அழுகுவதில்லை. உள்ளே இருக்கும் பாக்டீரியா பல வேதிப்பொருள்களைச் சுரந்து மற்றக் கிருமிகளையும் பூஞ்சைகளையும் தள்ளியே வைக்கிறது. அந்தக் காவலில் வளைய டைபெப்டைடுகளும் உண்டு.

நெடுமங்காடு வழியாகத் திருவனந்தபுரம் நகரத்துக்கு இறங்கி, மறுநாள் ஸ்ரீகாரியம் போனேன். 1963இல் நிறுவப்பட்ட மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே இருக்கிறது. சர்க்கரைவள்ளிக் கிழங்கைத் துளைத்துக் கசப்பாக்கிக் கெடுக்கும் கூன்வண்டு உழவர்களுக்குப் பெரிய எதிரி. அந்த நிறுவனத்தின் பண்ணையில் எடுத்த கூன்வண்டுப் புழுக்களிலிருந்து விஞ்ஞானி சி. மோகன்தாஸின் குழு ராப்டிட்டிஸ் வகையைச் சேர்ந்த ஒரு நூற்புழுவைப் பிரித்தெடுத்தது. பூச்சிக்கொல்லி மருந்துக்கு மாற்றாகப் பயிரைக் காக்க அது உதவுமா என்பதே முதல் கேள்வி. எஸ். நிஷாந்த் குமார், மோகன்தாஸ், பாலா நம்பீசன் ஆகியோர் அடுத்த கேள்விக்குப் போனார்கள்: புழுவோடு வரும் பாக்டீரியா என்ன சுரக்கிறது?

பாக்டீரியாவைக் குழம்பில் வளர்த்து, அந்தக் குழம்பை எத்தில் அசிடேட் கரைப்பானால் வடித்து, வடித்ததைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் கிருமிகளின் மேல் சோதித்துப் பார்க்கும் நீண்ட வேலை அது. பிரிந்து வந்தவற்றில் வளைய டைபெப்டைடுகள் வரிசையாகக் கிடைத்தன. 2014இல் அவர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரை, பேசில்லஸ் வகைப் பாக்டீரியா ஒன்று செய்த புதிய வளையத்தைப் பற்றியது. அதில் டைரோசினும் பினைல்அலனினும் கைகோத்திருந்தன. உயிர்களின் புரதங்களில் இருப்பவை 'எல்' வடிவ அமினோ அமிலங்கள். இதிலோ இரண்டுமே அதன் எதிர்பிம்பமான 'டி' வடிவம். ஸ்டாபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்ற கிருமியை ஒரு மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் அளவிலேயே இது தடுத்தது. ஒப்பிட வைத்த குளோராம்பெனிக்காலைவிட நன்றாகவே வேலை செய்தது. புரோட்டியஸ் மிராபிலிஸ் என்ற கிருமிக்கு 2 மைக்ரோகிராம் போதுமாக இருந்தது. நுரையீரல் புற்றுநோய் உயிரணுக்கள் பாதியளவு ஒடுங்க 10 மைக்ரோமோலார் ஆனது; இயல்பான உயிரணுக்களை 100 மைக்ரோமோலார் வரை தொந்தரவு செய்யவில்லை.

இவை கண்ணாடித் தட்டில் நடந்த சோதனைகள். தட்டிலிருந்து மருந்துக்கடை வரை உள்ள தூரம் மிக நீண்டது. அப்படிக் கிளம்பிய பல பொருள்கள் பாதி வழியில் நின்றுவிட்டன. ஆனால் இந்த வளையம் அந்தத் தூரத்தை வேறு உருவங்களில் கடந்திருக்கிறது. நுரையீரல் இரத்தக்குழாய் உயர் அழுத்தத்துக்கும் ஆண்மைக் குறைவுக்கும் மருத்துவர்கள் தரும் டடாலாஃபில் மாத்திரையின் கட்டமைப்பில் இந்த வளையம் இருக்கிறது. 2014இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற, மூச்சில் இழுக்கும் இன்சுலின் தூளைச் சுமப்பது ஒரு டைகீட்டோபைப்பரசின்தான். பைசைக்ளோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் இந்தக் குடும்பம். நம் மூளையிலேயே ஹிஸ்டிடினும் புரோலினும் கோத்த வளையம் ஒன்று இருக்கிறது. பெங்களூரு ஜக்கூரில் உள்ள ஜவகர்லால் நேரு உயர் ஆய்வு மையத்தில் கோவிந்தராஜுவின் ஆய்வுக்கூடம் இந்த வளையங்களை நரம்பு நோய்களுக்குப் பயன்படுத்த முடியுமா என்று ஆராய்ந்து வருகிறது.

வளையம் எப்போதும் நமக்கு நண்பனாக இருப்பதும் இல்லை. 1930களில் வைண்ட்லிங் என்பவர், ஒரு மண் பூஞ்சை தன்னைச் சுற்றியுள்ள மற்றப் பூஞ்சைகளை நஞ்சூட்டிக் கொல்வதைக் கண்டார். அந்த நஞ்சு கிளியோடாக்சின். டைகீட்டோபைப்பரசின் வளையத்தின் குறுக்கே இரண்டு கந்தக அணுக்கள் பாலமிட்ட பொருள். இன்று வேரழுகலைத் தடுக்க நம் உழவர்கள் தொழு உரத்தில் கலக்கும் ட்ரைக்கோடெர்மா இனத்தின் சில வகைகள் இதைச் செய்கின்றன; பயிருக்கு அது காவல். அதே கிளியோடாக்சினை ஆஸ்பர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் என்ற பூஞ்சை மனித நுரையீரலுக்குள் சுரந்தால் நம் எதிர்ப்பு அணுக்களை முடக்கிவிடும். கொல்வதற்கு மட்டும் அல்ல, பாக்டீரியாக்கள் தம் கூட்டத்தின் அளவை அறிந்து ஒன்றாகச் செயல்படும் சைகை முறையிலும் இவ்வளையங்கள் தலையிடுகின்றன என்று 1999இல் தெரியவந்தது. மண்ணுக்குள் இவை ஆயுதமும் ஆகின்றன, சேதியும் ஆகின்றன.

இதையெல்லாம் யோசித்துப் பார்க்கும்போது ஸ்ரீகாரியத்தின் கதையில் ஒன்று எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. மனித நோய்க்கு மருந்து கண்டுபிடிக்க அங்கே யாரும் கிளம்பவில்லை. ஏழை வீட்டு அடுப்பில் வேகும் கிழங்கைக் காப்பாற்றக் கிளம்பினார்கள். கூன்வண்டைத் தேடியவர்களுக்கு நூற்புழு கிடைத்தது, அதைத் தேடியவர்களுக்குப் பாக்டீரியா, அதிலிருந்து வளையம். மருந்துக்கு மசியாத கிருமிகளால் 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 12.7 லட்சம் பேர் இறந்தார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்தக் கிருமிகளோடு காலங்காலமாகப் போரிட்டுத் தேர்ந்தவை மண்ணின் உயிர்களே. அவற்றைத் தெரிந்துகொள்வதும், அவை வாழும் மண்ணை நஞ்சிடாமல் விட்டுவைப்பதும் நம் மருத்துவத்தின் வேலைதான்.

அகத்தியமலை உயிர்க்கோளத்தை யுனெஸ்கோ 2016இல் தன் பட்டியலில் சேர்த்தபோது இரு மாநிலச் சரிவுகளையும் சேர்த்தே எடுத்தது. மேற்குச் சரிவின் நாட்டில் தொடங்கிய இந்தத் தேடல் கிழக்கிலும் நடக்க வேண்டும் என்பது என் ஆசை. நாகர்கோவிலிலும் பாளையங்கோட்டையிலும் நுண்ணுயிரியல் படிக்கும் பிள்ளைகள் இதை எடுத்துச் செய்யலாம். காட்டுக்குள் போவதற்கு வனத்துறையின் அனுமதி வேண்டும். அங்கே வழிகாட்டும் காணிக்காரர்களுக்கு, பாலோட்டில் செய்தபடி, உரிய பங்கும் போய்ச்சேர வேண்டும். அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. அவரவர் ஊர்க் கிழங்கு வயலில் செத்தும் அழுகாமல் கிடக்கும் ஒரு புழுவிலிருந்தே தொடங்கலாம். ஸ்ரீகாரியத்தில் தொடங்கியதும் ஒரு கிழங்கு வயலில்தான்.